பதினோராவது கேள்வி

அந்தப் படிவத்தின் பதினோராவது கேள்விக்கு நான் எழுதிய பதில் பொய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு பாதிக் கதையில் "அட, இவள் கள்ளியெல்லோ" என்று யாரும் வாயைப் பிளக்கத் தேவையில்லை. கள்ளிதான். ஆனால் அந்தப் பொய்யை எழுதும்போது எனக்கு இருபது வயது. யாழ்ப்பாணத்தில் சட்டம் படிக்க இடம் கிடைத்திருந்தது. அங்கே தங்கிப் படிக்க ஒரு வழியும் இருக்கவில்லை.

கமலாட்சி ராஜரத்தினம் ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் என்று அதற்குப் பெயர். வெள்ளவத்தையில் இருக்கும் ராஜரத்தினம் ஐயா, ஓய்வுபெற்ற பொறியியலாளர், செத்துப்போன மனைவியின் பெயரில் கொடுப்பது. மனைவி பிறந்தது கிளிநொச்சியில் என்பதால், கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து சட்டம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு மட்டும். வருடத்துக்கு மூன்று பேர்தான்.

பதினோராவது கேள்வி இதுதான்: "தற்போது வசிக்கும் காணி யாருடையது? எந்த ஆண்டிலிருந்து?" பக்கத்தில் மூன்று பெட்டி. சொந்தம். வாடகை. பிறர் காணி, உரிமையாளரின் அனுமதியுடன். கீழே விளக்கம் எழுத இரண்டு கோடு.

எங்கள் பாலையடிக் குடியிருப்பு இந்த மூன்றிலும் அடங்காது. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டில் அடிவாங்கி வன்னிக்கு ஓடிவந்த சனத்தின் பிள்ளைகள் நாங்கள். யுத்தம் முடிந்து முகாமிலிருந்து விட்டபோது போக இடமில்லை. கண்ணிவெடி எடுத்து முடித்ததாகச் சொன்ன ஒரு பற்றைக் காணிக்குள் 2010இல் பத்தொன்பது குடும்பமும் இறங்கினோம். காடு வெட்டினோம், கொட்டில் போட்டோம். யாருடைய காணி என்று யாருக்கும் தெரியாது. யாரும் வரவுமில்லை. அதற்கு எந்தப் பெட்டியில் புள்ளடி போடுவது?

எனக்கு முந்தின வருடம் அந்தப் பணம் எடுத்த ஓர் அக்காதான் வழி சொன்னாள்.

"சொந்தம் எண்டு போடாத. புள்ளி விழாது. பிறர் காணி எண்டு போட்டு, நெஞ்சு உருகிற மாதிரி ரெண்டு வரி எழுது."

எழுதினேன். அம்மா பாதுகாவலர் என்று கையெழுத்து வைத்தா. அயலவர் ஒருவரும் வைக்க வேண்டும் என்று இருந்தது. குடியிருப்பின் தலைவர் தவராசா மாமா சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். மறித்து நீட்டினேன், சீற்றில் இருந்தபடியே வைத்துவிட்டுப் போனார். இரண்டு பேரும் வாசிக்கவில்லை. நான் நீட்டினால் ஏன் வாசிக்க வேண்டும்?

பணம் கிடைத்தது. படித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் 2023இல் காணிக்காரர் முளைத்தார். விஜிதரன் என்று ஒருவர், மாமி தனக்கு நன்கொடையாக எழுதிய காணி இது, எல்லோரும் காணியை விட்டு எழும்ப வேண்டும் என்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். எங்கள் பக்கம் ராஜினி மிஸ் என்ற சட்டத்தரணி பேசினா. எங்கள் வாதம் ஒன்றே ஒன்றுதான்: பத்து வருடத்துக்கு மேல், யாருடைய அனுமதியும் கேட்காமல், யாருக்கும் ஒன்றும் கொடுக்காமல், சொந்தக் காணியாக ஆண்டு வந்திருக்கிறோம். அனுமதியோடு இருந்தவன் நூறு வருடம் இருந்தாலும் உரிமை கேட்க முடியாது. அனுமதி இல்லாமல் இருந்ததுதான் எங்கள் பலம். விசித்திரமான சட்டம்தான், ஆனால் அதுதான் சட்டம்.

வாக்காளர் இடாப்பு, கரண்ட் பில், கிணற்றுப் படம் என்று ஆதாரம் எல்லாம் ஓடியோடிச் சேர்த்தவள் நான்தான். அந்தப் பெருமையில் என் சொந்தக் கைப்பட எழுதிய இரண்டு வரி கொழும்பில் ஒரு கோப்புக்குள் கிடக்கிறது என்பதை மறந்தே போனேன்.

போன பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. வருடத்துக்கு ஒருமுறை ராஜரத்தினம் ஐயா கிளிநொச்சிக்கு வந்து மண்டபம் எடுத்துக் கூட்டம் வைப்பார். கமலாட்சி அம்மாவின் படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, பிள்ளைகள் ஒவ்வொருவராக எழும்பி அந்த வருடம் படித்ததைச் சொல்ல வேண்டும். நான் காணிச் சட்டம் பற்றிச் சொன்னேன். கேளுங்கள் கூத்தை! முன்வரிசையில் ஐயாவுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் அதைக் கேட்டுத் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கிற நேரம் என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார்கள். ஐயா கதிரையில் இருந்தார். கண்ணாடிக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"இருங்கோ தங்கச்சி. நான் விஜிதரன். ஐயாவின்ர மருமோன். என்ர பேர் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

வழக்காளி விஜிதரன். காணி கொடுத்த மாமி என்றால், வெளியே மாலையோடு இருக்கிற கமலாட்சி அம்மாதான். உறுதியில் அவவின் பெயர் தகப்பன் பெயரோடு இருந்ததால் எனக்குப் பொறி தட்டவில்லை. மூன்று வருடமாக நான் கும்பிட்ட படம்!

அவர் ஒரு போட்டோப் பிரதியை என் முன்னால் வைத்தார். என் கையெழுத்து. வடிவான கையெழுத்து வேறு.

"வாற வியாழக்கிழமை உங்கட அம்மா சாட்சி சொல்லுறா. இதை நான் கோட்டில காட்ட விரும்பேல்ல. உங்கட சனத்தோட கதையுங்கோ. பின்பக்கம் பள்ளத்தில ஆளுக்குப் பத்துப் பேர்ச் காணி தாறன். வழக்கை முடிப்பம்."

"அது மாரியில வெள்ளம் நிக்கிற இடம்."

"அப்ப இது கோட்டுக்கு வரும். எழுதினது பொய் எண்டு நீங்கள் சொன்னாலும் சரிதான். கடைசிப் பக்கம் பாருங்கோ. பொய்த் தகவல் எண்டா உதவி நிக்கும், உங்கட பல்கலைக்கழகப் பீடத்துக்கும் கடிதம் போகும். நாளைக்குச் சட்டத்தரணியாச் சத்தியம் செய்ய நிக்கேக்க உங்கட நன்னடத்தையைக் கேப்பினம்தானே?"

அவர் சத்தம் போடவில்லை. தங்கச்சி, தங்கச்சி என்று தேன் ஒழுகக் கதைத்தார். என்னால் அந்தத் தேனைத்தான் தாங்க முடியவில்லை. எழும்பி ஒரு கிழி கிழிக்க வாய் துடித்தது. அதற்குள் ராஜரத்தினம் ஐயா நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை, நீ எழுதினது உண்மைதானே? என்ர மனுசியின்ர பேரில உள்ளதை நான் ஒரு பொய்க்குக் குடுக்கேல்லைத்தானே?"

அந்தக் கிழவர் சூது தெரியாமல்தான் கேட்டார். உண்மை என்றால் பத்தொன்பது குடும்பம் தெருவில். பொய் என்றால் நான் தெருவில்.

"வியாழக்கிழமை சொல்லுறன் ஐயா," என்றேன். பார்சலையும் எடுக்காமல் வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தா. தங்கம்மா என்று பெயர். அப்பா நான் ஏழாம் வகுப்பில் இருக்கும்போது காய்ச்சலில் போய்விட்டார்; அதற்குப் பிறகு வயலில் களை பிடுங்கி என்னை வளர்த்தவ. படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் ஞாயிறு காலையில் பத்திரிகை வந்தால் குடியிருப்பே எங்கள் முற்றத்தில் கூடும். அம்மா மரண அறிவித்தலில் தொடங்கி ராசிபலன் வரை சத்தம் போட்டு வாசிப்பா. வாசிப்பில் அவவுக்கு இருந்த கெறுக்கும் பெருமையும் கொஞ்சநஞ்சமல்ல.

தவராசா மாமாவையும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். நான் எழுதிய சொற்களைச் சொல்லவில்லை. "அனுமதியோட இருக்கிறம் எண்டு எழுதிப்போட்டன்" என்று மட்டும் சொன்னேன்.

மாமா முதலில் விளங்காதவர் போலப் பார்த்தார். பிறகு எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது.

"நானோ கையெழுத்து வைச்சனான்? நீ நீட்டினாய், நான் வைச்சன்! படிச்ச பிள்ளை எண்டு நம்பினதுக்குப் பத்தொன்பது குடும்பத்தின்ர தலையிலயும் மண்ணை அள்ளிப் போட்டிட்டியேடி!"

"மாமா, எனக்கு அப்ப தெரியாது..."

"தெரியாதோ? சட்டம் படிக்கிறது நீயோ நானோ?"

எனக்கு அழுகைதான் வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை. பணக்காரர் பெட்டி பெட்டியாகக் கேள்வி அடித்து வைப்பார்களாம், நாங்கள் அதற்குள் எங்களை மடித்து வைக்க வேண்டுமாம்!

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தா. அவவுக்குக் கோபம் வந்தால், பிறந்தது வன்னியில் என்றாலும், வாயில் மலைநாட்டுப் பேச்சு வந்துவிடும்; தாய் தகப்பன் கதைத்த பேச்சு. அன்றைக்கு அது வரவில்லை. அமைதியாகச் சொன்னா.

"நான் எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு சொல்லுறன். மகள் எங்க வைக்கச் சொன்னாளோ அங்க வைச்சன், என்ன எழுதியிருக்கெண்டு தெரியாது. அவ்வளவுதான். உன்னையும் இழுக்கத் தேவையில்ல, காணிக்கும் பழுதில்ல."

மாமா யோசித்தார். "நானும் கண்ணாடி இல்லாம வைச்சனான் எண்டு சொல்லலாம்," என்றார்.

சட்டம் படிக்கிற நான் அந்த இடத்தில், "சத்தியம் செய்துபோட்டுப் பொய் சொல்லக்கூடாது அம்மா" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குள் ஒரு நிம்மதி இறங்கியது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போல வரும். ராஜினி மிஸ்ஸிடமும் படிவத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமை நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. பத்தொன்பது குடும்பமும் வந்திருந்தது. நான் பின்வாங்கில் இருந்தேன். இரண்டு வரிசை முன்னால் விஜிதரனும் ராஜரத்தினம் ஐயாவும். கிழவர் கொழும்பு திரும்பாமல் இதற்காகவே தங்கியிருக்கிறார்.

அம்மா சாட்சிக்கூட்டில் ஏறிச் சத்தியம் செய்தா. ராஜினி மிஸ் முதலில் கிணற்றைப் பற்றிக் கேட்டா. படத்தை நீட்டினா. கிணற்றுக்கட்டுச் சீமெந்து காயமுதல் குச்சியால் எழுதிய எழுத்து அதில் தெளிவாகத் தெரியும்: தங்கம்மா, 2011.

"இதை ஆர் எழுதினது அம்மா?"

"நான்தான் எழுதினனான்," என்றா அம்மா. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னா.

ஐயோ, அந்தப் படம்! அதைத் தேடி எடுத்து ஆதாரத்தில் சேர்த்தவளும் நான்தான். பெயரும் ஆண்டும் எழுதத் தெரிந்தவ இன்னும் பத்து நிமிடத்தில் வாசிக்கத் தெரியாது என்று சொல்லப் போகிறா. அதோடு அவ சொன்ன எல்லாமே பொய்யாகிவிடும். கிணறும் பொய், காடு வெட்டியதும் பொய். எழும்பிக் கத்தவும் முடியாது.

விஜிதரனின் சட்டத்தரணி எழும்பினார். படிவத்தை எடுத்தார். ராஜினி மிஸ் ஆட்சேபித்தா. இப்படி ஓர் ஆவணம் இருப்பதே தனக்குத் தெரியாது என்று சொல்லும்போது அவவின் கண் என்னைத் தேடிப் பிடித்தது. நான் குனிந்துகொண்டேன். நீதிபதி, பிறகு நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கேட்க விட்டார்.

"அம்மா, இது உங்கட கையெழுத்தோ?"

"ஓம்."

"உங்களுக்கு வாசிக்கத் தெரியும்தானே?"

ஒவ்வொரு ஞாயிறும் அவவின் வாசிப்பைக் கேட்ட பத்தொன்பது குடும்பமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. தெரியாதெண்டு சொல்லாதே அம்மா என்று ஒரு மனம். சொல்லு அம்மா என்று ஒரு மனம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சொல்லு என்ற மனம்தான் பெரிதாக இருந்தது.

அம்மா கையை நீட்டி அந்தத் தாளை வாங்கினா. முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, பதினோராவது கேள்வியில் விரலை வைத்தா. ஞாயிற்றுக்கிழமைக் குரலில், மண்டபத்துக்கே கேட்க வாசித்தா.

"காணி உரிமையாளரின்... தயவில்... 2010 முதல் வசிக்கிறோம். எப்போது எழும்பச் சொன்னாலும்... எழும்ப வேண்டியவர்கள் நாங்கள்."

நிறுத்தினா. இன்னொரு தரம் வாய்க்குள் வாசித்தா. விரல் அந்த வரியிலேயே நின்றது. பிறகு நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"யாரோட தயவு?"

"அம்மா, நான் கேட்ட கேள்விக்கு..."

"யாரோட தயவுங்கிறேன்! நான் கெணறு வெட்டுறப்ப யாரு வந்து வெட்டுன்னு சொன்னா? யாரு வந்து வெட்டாதன்னு சொன்னா? பாம்புக்கும் வெடிக்கும் நடுவுல பத்து மாசம் காடு வெட்டுனோம். எம் புருசன் இந்த மண்ணுலதான் படுத்துச் செத்தாரு. தயவாமே, தயவு!"

நீதிபதி மேசையைத் தட்டினார். அம்மா தலை குனிந்து மன்னிப்புக் கேட்டா. பேச்சு மறுபடி வன்னிக்கு வந்தது.

"எனக்கு வாசிக்கத் தெரியும் ஐயா. தெரியாதெண்டு சொல்லத்தான் வந்தனான். இப்ப சொல்லேலாது. இதில எழுதினது பொய். ஒருத்தரிட்டயும் நாங்கள் அனுமதி கேக்கேல்ல, ஒருத்தரும் தரேல்ல. வாசிக்காமக் கையெழுத்து வைச்சது என்ர பிழை."

சட்டத்தரணி ஒரு நொடி விஜிதரனைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப உங்கட மகள் பொய் எழுதித்தான் இந்தப் புலமைப்பரிசிலை எடுத்தவா. அப்பிடித்தானே அம்மா?"

அம்மா என்னைப் பார்த்தா. அத்தனை தலைகளுக்கு மேலாக நேரே என்னைப் பார்த்தா.

"ஓம்," என்றா.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். சனம் அம்மாவைச் சுற்றிக்கொண்டது. தவராசா மாமா, "பாத்தியளே தங்கம்மாவை" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு நின்றார். அடுத்த தவணைக்கு அவருடைய சாட்சி. இனி அவரும் கண்ணாடிக் கதை சொல்ல முடியாது. ராஜினி மிஸ் என்னைக் கடந்து போகும்போது, "என்னட்ட மறைச்சிட்டீர். இனி நீரும் கூட்டில ஏறித்தான் ஆகவேணும்," என்று மட்டும் சொன்னா.

ராஜரத்தினம் ஐயா தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"வியாழக்கிழமை சொல்லுறன் எண்டனீ."

"ஓம் ஐயா. பொய்தான். எனக்குத் தெரிஞ்சுதான் எழுதினனான்."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே பிள்ளை."

"பயம் ஐயா."

அவர் அம்மா நின்ற பக்கம் பார்த்தார். "இனி என்னால உனக்குத் தரேலாது. விளங்குதோ?" என்றார். வாகனத்துக்குள்ளிருந்து விஜிதரன் "மாமா, வாங்கோ" என்று கூப்பிட, போனார்.

பஸ்ஸில் அம்மாவோடு நான் கதைக்கவில்லை.

"கோவமோ?" என்று கேட்டா.

"ஓம்."

"இரு," என்றா. அவ்வளவுதான். இறங்கும் மட்டும் யன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தா.

கோபம்தான். என்னைப் பெற்றவ என்னைச் சபையில் காட்டிக்கொடுத்துவிட்டாவே என்ற கோபம். நான்தான் முதலில் அவவைப் பொய் சொல்ல விட்டேன் என்பது ஞாபகம் வரும்போதெல்லாம் அந்தக் கோபம் இன்னும் கூடியது. இரண்டு நாள் சோற்றுக் கோப்பையோடு சண்டை பிடித்தேன்.

பத்தாம் நாள் வெள்ளவத்தையிலிருந்து கடிதம் வந்தது. உதவி நிறுத்தப்படுகிறது, பீடத்துக்கு அறிவிக்குமுன் பதினான்கு நாளுக்குள் விளக்கம் தரலாம், பாதுகாவலரும் கையெழுத்திட வேண்டும். இன்னும் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு போட்டோப் பிரதிக் கடையில் சனி ஞாயிறு வேலை கேட்டு வைத்திருந்தேன். ஆனாலும் பீடத்துக்குக் கடிதம் போகாமல் தடுக்க முடிந்தால் போதும் என்று குந்தியிருந்து எழுதினேன். நல்ல தமிழில், பணிவாக, ஒரு பக்கம்.

அம்மாவிடம் நீட்டிக் கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

அவ பேனாவை வாங்கவில்லை. வாசலில் வெளிச்சத்துக்கு நேரே இருந்து, விரல் வைத்து, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினா. எனக்கு எரிச்சலாக இருந்தது. பாதியில் விரல் நின்றது.

"இதை ஒருக்கா வாசி."

வாசித்தேன். "தங்கள் காணியில் நாங்கள் குடியிருப்பதால் தங்கள் குடும்பத்துக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்கும் மன்னிப்புக் கோருகிறேன்."

வாசித்து முடிக்கமுதலே எனக்கு விளங்கிவிட்டது. தங்கள் காணி. மறுபடியும். பணிவாக எழுதப் போய், மூன்று வருடம் சட்டம் படித்த கையால், அதே பொய்யை நான் இன்னொரு தரம் எழுதியிருக்கிறேன். அம்மா கையெழுத்தும் வைத்திருந்தால் அடுத்த தவணைக்கு விஜிதரனுக்கு வேறு ஒன்றுமே தேவைப்பட்டிருக்காது.

அம்மா திட்டவில்லை. தாளை நாலாக மடித்துக் கிழித்தா.

"பொய் சொன்னதுக்கு மன்னிப்புக் கேள், வடிவாக் கேள். காணிக்குக் கேக்காத."

புதுத் தாள் எடுத்து எழுதினேன். நான்கு வரிதான் வந்தது. அதையும் முழுக்க வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தா.